"ஆம்பளை சகவாசமே இல்லை, எனக்கு எதுக்கு டெஸ்ட்?"

கள்ளக்குறிச்சி,

பெண்ணும் பெண்ணுமாகக் குடித்தனம் நடத்துகிறவர்களில் சிலர் இப்படி நினைக்கிறார்கள். நினைப்பு தப்பு!

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமி, தோலோடு தோல் உரசினாலே தொற்றும். பெண்ணிடமிருந்து பெண்ணுக்கும் பரவும்.

30 வயது முதல் 65 வரை, 5 ஆண்டுக்கு ஒரு தடவை சோதனை. அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் மேல் சோதனை. அவ்வளவுதான்.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. அதைவிடப் பெரிய மலை, "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்ற கேள்வி!

மதுரைப் பெண்கள் இருவர் தொடுத்த வழக்கில், இவர்களை 'மாற்ற' வைத்தியம் பார்ப்பதற்கே 2021 ஜூன் 7-ல் ஐகோர்ட்டு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடை போட்டு விட்டார். டாக்டரம்மாவிடம் உள்ளதைச் சொல்லலாம். சொல்லப் பிடிக்காவிட்டால், "டெஸ்ட் எடுக்கணும்" என்றால் போதும்.