பெரிய வீலா, சின்ன வீலா? தொப்பூர் வழியே ஊருக்குப் போகிறவர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் எதை டிக் செய்யலாம்?

பெங்களூருவில் வேலை, சொந்த ஊர் தருமபுரி பக்கம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி வீடு வந்து சேர்கிற இளைஞர்கள் ஏராளம். அவர்களில் சிலர் சம்பளம் கொஞ்சம் உயர்ந்ததும் தேடுவது வேகமான ஒரு கார். மாடல், கலர் எல்லாம் சீக்கிரம் முடிவாகிவிடும். இழுத்துக்கொண்டே போவது இரண்டு விஷயம்: வீல் எத்தனை இன்ச், சஸ்பென்ஷன் எந்த வகை?

விளம்பரப் படத்தில் பெரிய வீல்தான் கெத்து. ஆனால் அந்தப் படம் எடுத்த ரோட்டில் வேகத்தடையும் கிடையாது, மழைக்குப் பிறகு வருகிற பள்ளமும் கிடையாது.

டயரில் இருக்கும் நம்பர் என்ன சொல்கிறது?

டயர் பக்கவாட்டில் 205/55 ஆர்16 என்று எழுதியிருக்கும். ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி காரில் வருவது இந்த அளவுதான். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் ரப்பர் சுவரின் உயரம் என்பது. 16 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். அதாவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் சுமார் 113 மி.மீ. ரப்பர் இருக்கிறது.

இதே காரில் 17 இன்ச் போட வேண்டுமானால் 225/45 ஆர்17. ரப்பர் 101 மி.மீ. ஆகிவிடும். 18 இன்ச்சுக்கு 225/40 என்றால் 90 மி.மீ.தான். மூன்று சக்கரங்களின் மொத்த உயரமும் 632, 634, 637 மி.மீ. என்று கிட்டத்தட்ட ஒன்றுதான். கார் உயரவே இல்லை. இரும்பு கூடி, ரப்பர் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ரப்பர் சுவரும் உள்ளே இருக்கும் காற்றும்தான் காரின் முதல் ஸ்பிரிங். பள்ளத்தில் விழும்போது அடி முதலில் அங்கேதான் இறங்குகிறது. அதைக் குறைத்துவிட்டு, மிச்சத்தை சஸ்பென்ஷன் பார்த்துக்கொள்ளும் என்று விட்டால் ரிம் வளையும், இல்லையென்றால் டயர் சுவரில் கொப்புளம் கிளம்பும். கொப்புளம் வந்த டயருக்கு பஞ்சர் கடையில் வைத்தியம் இல்லை. மாற்றியே ஆக வேண்டும்.

அப்புறம் ஏன் கம்பெனிகள் பெரிய வீல் கொடுக்கின்றன? அழகுக்காக மட்டும் இல்லை. வேகமான காருக்குப் பெரிய பிரேக் டிஸ்க் வேண்டும், அது உள்ளே அடங்க வீல் பெரிதாக இருக்க வேண்டும். ரப்பர் சுவர் குட்டையாக இருந்தால் வளைவில் டயர் கசங்காது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் உடனே திரும்பும். வழவழப்பான ரேஸ் டிராக்கில் அது நிஜமான லாபம்தான்.

911-ஐ எடுத்துக்கொண்டால்

போர்ஷே 911-இன் 992 தலைமுறை நல்ல உதாரணம். அது முதலில் வந்தபோது சாதாரண கரேராவுக்கு முன்னால் 19, பின்னால் 20 இன்ச். கரேரா எஸ் என்றால் 20, 21. முன் டயரின் ரப்பர் உயரம் முதலாவதில் 94 மி.மீ., இரண்டாவதில் 86 மி.மீ. வெறும் 8 மி.மீ. வித்தியாசம்தானே என்று தோன்றலாம். சேலம் ரோட்டில் ராத்திரி நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் ஒன்றில் விழும்போது, ரிம் தப்பிப்பதும் தப்பிக்காததும் அந்த 8 மி.மீ.யில் இருக்கலாம்.

சஸ்பென்ஷனில் இன்னும் இரண்டு ஆப்ஷன் உண்டு. ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷன் எடுத்தால் கார் 10 மி.மீ. தாழும். இன்னொன்று, ஸ்விட்சை அழுத்தினால் காரின் மூக்கைச் சுமார் 40 மி.மீ. தூக்கிவிடும் வசதி. மெதுவாகப் போகும்போது மட்டும்தான் வேலை செய்யும். தருமபுரிக்காரர் முதலில் டிக் செய்ய வேண்டியது இந்த இரண்டாவதைத்தான். லெதர் சீட்டெல்லாம் அப்புறம்.

வேகத்தடைக் கணக்கு

இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் நீளமும் இருக்க வேண்டும். 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு மாதிரி மெதுவாக ஏறி இறங்க வேண்டும். 911-இன் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2.45 மீட்டர். விதிப்படி போட்ட மேட்டில் நாலு சக்கரமும் ஏறி நிற்கும்போது, நடுவில் மேடு காரின் வயிற்றை நோக்கி எழுவது 44 மி.மீ. மட்டுமே. சக்கர இடைவெளி 2.85 மீட்டர் உள்ள நீளமான செடானுக்கு 60 மி.மீ. ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு அடியில் இடைவெளி பொதுவாக 110 முதல் 130 மி.மீ. இருக்கும். தாராளமாகத் தாண்டலாம்.

சிக்கல், ஊருக்குள் அவசரமாகக் கொட்டி வைத்த மேடுகளில். அரை மீட்டர் நீளத்தில் 10 செ.மீ. எழும்பி நிற்கும் மேட்டில் முன் சக்கரம் இறங்கிய பிறகு முழு 100 மி.மீ.யும் காரின் வயிற்றுக்குக் கீழே வந்து நிற்கிறது. 120 மி.மீ. இடைவெளி உள்ள கார் மயிரிழையில் தப்பும். ‘லோயரிங் ஸ்பிரிங்’ மாட்டி 30 மி.மீ. இறக்கிய கார் உரசும். நாலு பேர் ஏறியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

கெட்டியாக இருந்தால் கிரிப் கூடுமா?

சஸ்பென்ஷன் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். ஸ்பிரிங் காரின் எடையைத் தாங்குகிறது. ஷாக் அப்சார்பர் அந்த ஸ்பிரிங் குதித்துக்கொண்டே இருக்காமல் அடக்குகிறது. இரண்டும் ஜோடி. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினாலோ, உள்ளூர் பட்டறையில் ஒரு சுற்று அறுத்துவிட்டாலோ அந்த ஜோடி பிரிந்துவிடும். கார் தாழும் அளவுக்கு சஸ்பென்ஷன் மேலே போக இருந்த இடமும் குறைந்துவிடும். பள்ளத்தில் விழுந்தால் ரப்பர் முட்டில் போய் ‘டம்’ என்று இடிக்கும்.

டயர் ரோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரைதான் கிரிப். மேடு பள்ளமான ரோட்டில் அளவுக்கு மீறிக் கெட்டியான சஸ்பென்ஷன் சக்கரத்தை லேசாகத் தூக்கித் தூக்கிப் போடும். அந்த நொடியில் பிரேக்கும் கேட்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. வீல் கனமாக இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் மேலே எகிறிய கனத்தைத் திருப்பி ரோட்டில் அமர்த்த ஷாக் அப்சார்பர் அதிகம் போராட வேண்டும். ஃபோர்ஜ்டு ரிம் லேசாக இருக்கும், ஆனால் விலை வேற லெவல்.

அதனால் காசு செலவழிக்க ஒரு இடம்தான் உண்டு என்றால், அது ‘அடாப்டிவ் டேம்பர்’. ரோட்டுக்குத் தக்கபடி ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தை நொடிக்குள் மாற்றிக்கொள்ளும் வகை இது. சிலவற்றில் வால்வு வேலை செய்கிறது. வேறு சிலவற்றில் எண்ணெய்க்குள் நுண்ணிய இரும்புத் துகள்கள் இருக்கும், காந்தப்புலம் கொடுத்ததும் எண்ணெய் கெட்டியாகும். நெடுஞ்சாலையில் இறுக்கம், பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கத்தில் தளர்வு. இரண்டும் ஒரே காரில் கிடைக்கிறது.

தொப்பூரில் வேறு கதை

தேசிய நெடுஞ்சாலை 44, தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிப் போகும்போது தொப்பூர் கணவாயில் இறங்குகிறது. 2024 ஜனவரியில் இங்கே லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதி 4 பேர் உயிரிழந்தார்கள். அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. பின்னால் பிரேக் பிடிக்காமல் வரும் லாரிக்கு முன்னால் எந்த சஸ்பென்ஷனும் ஒன்றும் செய்யாது. அதை ஒத்துக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

உங்கள் காரைப் பொறுத்தவரை, நீண்ட இறக்கத்தில் எடை முன் சக்கரங்களுக்குப் போகிறது, பின் சக்கரங்கள் லேசாகின்றன. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க் சூடேறும். கனமான பெரிய வீல் என்றால் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் கனத்தையும் பிரேக்தான் நிறுத்த வேண்டும். கியரைக் குறைத்து இன்ஜின் பிரேக்கிங்கில் இறங்குவதுதான் முதல் வேலை. ஆட்டோமேட்டிக் காரிலும் பேடில் ஷிஃப்டரோ மேனுவல் மோடோ இருக்கிறது. பல பேர் அதைத் தொட்டதே இல்லை. ஸ்போர்ட்ஸ் மோடில் சஸ்பென்ஷனை இறுக்கிவிட்டு இங்கே வளைவில் விளையாடுவதற்கு, முன்னும் பின்னும் ஊர்ந்து வரும் லாரிகள் இடம் தராது.

வத்தல்மலை மாதிரியான மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளை மெதுவாகத்தான் திருப்ப முடியும். அந்த வேகத்தில் 20 இன்ச்சின் சாமர்த்தியம் வெளியே தெரியவே தெரியாது. முன் பம்பரின் உதடு உரசுவது மட்டும் நன்றாகத் தெரியும்.

கடையில் மாற்றினால் சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்டர் செய்யும்போதே கம்பெனி ஆப்ஷனில் எடுப்பது வேறு, வாங்கிய பிறகு வெளியே மாற்றுவது வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஸ்பிரிங்கை அறுப்பதும், ஃபெண்டருக்கு வெளியே துருத்தும் வீலைப் போடுவதும் விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் கண்ணில் முதலில் படும்.

அதே மாடலின் உயர்ந்த வேரியன்ட்டுக்கு கம்பெனியே தரும் அளவுக்கு மாறுவதுதான் பாதுகாப்பான வழி. அப்படி மாறும்போது மொத்த விட்டம் அதிகம் நகரக் கூடாது. 205/55 ஆர்16-க்குப் பதில் யாராவது 225/45 ஆர்18 மாட்டிவிட்டால் விட்டம் 4 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். மீட்டர் 100 காட்டும்போது கார் 104-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும், ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினால் டயர் உள்ளே உரசவும் உரசலாம். லோடு இண்டெக்ஸையும் பார்க்க வேண்டும். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். புதிய டயரில் அந்த எண் பழையதைவிடக் குறையவே கூடாது.

விர்ட்டஸ் ஜிடி, ஐ20 என் லைன் மாதிரி 16 இன்ச் வீலோடு வரும் கார்கள் என்றால் அளவை அப்படியே விட்டுவிட்டு, அதே அளவில் நல்ல டயர் போட்டாலே ஓட்டத்தில் வித்தியாசம் தெரியும். நான்கு டயருக்கும் காற்றைச் சரியாக வைக்க, டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரைப் பார்த்தால் போதும். அதில் ஆள் நிறைய ஏறும்போது வைக்க வேண்டிய அளவு தனியாக இருக்கும். பொங்கலுக்குக் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பும்போது வைக்க வேண்டியது அந்த இரண்டாவது நம்பர்.