உஷார்! கவரில் வரும் வலி மாத்திரை

சாயங்காலம் ஏழு மணிக்கு உங்கள் தெருவில் இருக்கும் மெடிக்கல் ஷாப் பக்கம் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். "தம்பி, முட்டி வலி தாங்கலப்பா, ரெண்டு வேளைக்கு மாத்திரை குடு" என்று யாராவது ஒரு அம்மா கேட்பார். கடைக்காரர் நாலைந்து அட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டாகக் கத்தரித்து, சின்னக் காகிதக் கவரில் போட்டு நீட்டுவார். 'செட்' மாத்திரை. மருந்தின் பெயர், காலாவதித் தேதி, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்ற எச்சரிக்கை எல்லாம் அட்டையின் மிச்சத்தோடு கடையிலேயே தங்கிவிடும்.

அந்தக் கவரைப் பார்த்தாலே எனக்கு இப்போது பதறுகிறது. காரணம் என் அத்தை.

அத்தைக்கு 67 வயது. பல வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். இரண்டு முட்டியும் தேய்மானம். ஒரு செட் போட்டால் ஒரு மணி நேரத்தில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். முதலில் வாரம் ஒருநாள் போட்டார், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், கடைசியில் தினமும். நாலு மாதத்தில் நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது, முகம் வெளுத்தது. ரத்தம் கம்மி என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மலம் கருப்பாகப் போவதாக அத்தை சொன்னபோது, "இரும்பு மாத்திரை போட்டா அப்படித்தான் போகும்" என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். இரும்பு மாத்திரை மலத்தைக் கருப்பாக்குவது உண்மைதான். ஆனால் அத்தைக்குப் போனது தார் போல மினுமினுப்பாக, பிசுபிசுப்பாக, குமட்டும் நாற்றத்தோடு. அது வயிற்றுக்குள் கசிந்த ரத்தம். அவர் பாத்ரூமில் மயங்கி விழுந்த பிறகுதான் எங்களுக்கு அது புரிந்தது. எண்டாஸ்கோப்பியில் இரைப்பைப் புண். ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறியிருந்தது.

"வயிறு வலிக்கவே இல்லையாம்மா?" என்று டாக்டர் கேட்டார். ஒருநாளும் வலித்ததில்லை என்றார் அத்தை. இந்த மருந்துகளால் வரும் புண்கள் பெரும்பாலும் இப்படித்தான், ரத்தம் கசிகிற வரை சத்தமே காட்டுவதில்லை.

அந்தக் கவர்களில் பொதுவாக இருப்பது டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நிமெசுலைட் போன்ற ஒன்று. சில சமயம் இரண்டு. கூடவே பாராசிட்டமால், ஒரு 'கேஸ்' மாத்திரை. சில இடங்களில் குட்டியாக ஒரு ஸ்டீராய்டு. போட்டதும் உடம்பு காற்றாகப் பறக்கிறது என்று சொல்கிறார்களே, பல நேரம் அந்தக் குட்டி மாத்திரையின் வேலை அது. வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் வயிற்றுப் புண் வரும் ஆபத்து பல மடங்கு ஏறும்.

டைக்ளோஃபெனாக் போன்ற இந்த வலி மாத்திரைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை 1971-இல் ஜான் வேன் கண்டு சொன்னார். அதற்காக 1982-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். உடம்பில் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரப்பதை இவை தடுக்கின்றன. மூட்டில் வலியையும் வீக்கத்தையும் கூட்டுவது அதுதான். அதே பொருள்தான் இரைப்பையின் உள்சுவரை அமிலம் அரிக்காமல் காக்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் குழாயைத் திறந்து வைக்கிறது. மாத்திரைக்கு முட்டி எது, வயிறு எது என்று தெரியாது. எல்லா இடத்திலும் அடைத்துவிடும்.

ஆகவே "சாப்பிட்ட பிறகு போட்டால் ஒன்றும் செய்யாது" என்பதை நம்பாதீர்கள். சாப்பிட்டபின் போட்டால் எரிச்சல் குறையலாம். ஆனால் மருந்து ரத்தத்தில் கலந்து போய்த்தான் அந்தக் காவலை நீக்குகிறது. "ஊசியாகப் போட்டால் வயிற்றுக்குப் பாதிப்பில்லை" என்பதும் இதே காரணத்தால் தவறு. கூடக் கொடுக்கிற கேஸ் மாத்திரை ரானிடிடின் என்றால், வழக்கமான அளவில் அது இரைப்பைப் புண்ணைத் தடுக்கப் போதாது. பான்டோபிரசோல் வகை ஓரளவு தடுக்கும். ஆனால் அது சிறுநீரகத்தைக் காக்காது, இதயத்தையும் காக்காது.

எனக்கு அதிகம் பயம் சிறுநீரகத்தைப் பற்றித்தான். வீட்டில் பிரஷர் மாத்திரை இருந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள். எனலாபிரில், ராமிபிரில் போல 'பிரில்' என்றோ, லோசார்டான், டெல்மிசார்டான் போல 'சார்டான்' என்றோ மருந்தின் பெயர் முடிகிறதா? பெயருக்குப் பின்னால் 'எச்' என்று ஒட்டியிருந்தால், பல பிராண்டுகளில் நீர் பிரிக்கும் மருந்தும் அதற்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். இந்தப் பிரஷர் மருந்து, நீர் பிரிக்கும் மருந்து இரண்டோடும் வலி மாத்திரை மூன்றாவதாகச் சேரும்போது சிறுநீரகத்துக்குள் ரத்தம் வடிகட்டப்படும் அழுத்தம் சட்டென்று இறங்கலாம். வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருக்கும் நாளில் போட்டால் ஆபத்து இன்னும் கிட்டே வரும். சித்திரை வெயிலில் நாள் முழுக்கக் களையெடுத்துவிட்டு, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல், இடுப்பு வலிக்கு இரண்டு மாத்திரை போட்டுப் படுக்கிற உழைப்பாளிகளை நினைத்தால் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

பாறு கழுகுகளுக்கு நடந்தது தெரியுமா? மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டின் இறைச்சி வழியாக அவற்றின் உடம்புக்குள் போனது. சில நாட்களில் சிறுநீரகம் நின்று, உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமிலம் படிந்து செத்து விழுந்தன. காரணம் தெரிய 2004 ஆயிற்று. அதற்குள் இந்தியாவில் மூன்று இனங்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டன. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் மிஞ்சியவை பெரும்பாலும் நீலகிரியின் மோயாறு பள்ளத்தாக்கில்தான். மனித உடல் அந்தப் பறவையைவிட இந்த மருந்தை எவ்வளவோ தாங்கும், அந்த அளவுக்கு அஞ்ச வேண்டாம். ஆனாலும் அடி விழும் இடம் நமக்கும் சிறுநீரகம்தான்.

இதய நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. ரோஃபெகாக்சிப் என்ற வலி மருந்து மாரடைப்பைக் கூட்டுகிறது என்று தெரிந்து 2004-இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. மற்ற வலி மாத்திரைகளிலும் இந்த ஆபத்து முதல் சில வாரங்களிலேயே தொடங்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2015-இல் எச்சரித்தது. ஸ்டென்ட் வைத்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஐந்து மாதமோ அதற்கு மேலோ ஆன கர்ப்பிணிகளும் அப்படித்தான்.

மழைக்காலக் காய்ச்சலில் உடம்பு அடித்துப் போட்டதுபோல வலிக்கும். அது டெங்குவாக இருந்தால் இந்த மாத்திரைகள் ரத்தக்கசிவைத் தூண்டிவிடும். காய்ச்சலோடு வரும் உடம்பு வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும்.

இந்த மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீங்கிச் சிவந்த மூட்டுக்கு, தகுந்த ஆளுக்கு, குறைந்த அளவில், சில நாட்களுக்கு இது நல்ல மருந்து. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு அசிக்ளோஃபெனாக் 200 மில்லிகிராம், டைக்ளோஃபெனாக் 150 மில்லிகிராம் என்பது உச்ச வரம்பு. பல்லுக்கு ஒருவர், முதுகுக்கு ஒருவர் எழுதிக் கொடுத்த இரண்டும் ஒரே குடும்ப மருந்தாக இருக்கலாம், சேர்த்துப் போடாதீர்கள். முட்டி வலிக்கு முதலில் டைக்ளோஃபெனாக் ஜெல் தடவிப் பார்க்கலாம். ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கும். மூன்று நாளில் வலி அடங்காவிட்டால் போக வேண்டிய இடம் டாக்டர், மறுபடி அதே கடை இல்லை. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிரஷர் மாத்திரை கொண்டு வருகிறவரிடமும், "நான் முட்டிக்கு இது போடுறேம்மா" என்று அட்டையைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

கடையில் பெயர் தெரியும்படி வெட்டித் தரச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் முழு அட்டையாக வாங்குங்கள். அம்மா அப்பாவின் தலைமாட்டில் காகிதக் கவர் கிடக்கிறதா என்று இன்று இரவே பாருங்கள். மலம் தார் போலப் போகிறதா, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி வருகிறதா, சிறுநீர் குறைந்து காலோ முகமோ வீங்குகிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஆம் என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு, அந்தக் கவரையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மயக்கம் வந்தால் 108-ஐ அழையுங்கள்.