நோன்பு சிஸ்டருக்கு; சோறு பாட்டிக்கு!

மார்ச் மாதம் கடைக்காரர்களுக்குக் கை இறுகும் மாதம். ஆபீசில் கணக்கு முடிப்பு. வீட்டில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. வெயில் வேறு மண்டையைப் பிளக்கத் தொடங்கிவிடும்.

அந்த நேரம் பார்த்துக் கடை வாசலில் இரண்டு கன்னியாஸ்திரீகள் வந்து நிற்பார்கள். வெள்ளை அங்கி. கையில் பை.

"ஐயா, வயசானவங்களுக்கு ஏதாவது குடுங்க!"

"நாளைக்கு வாங்க சிஸ்டர்" என்பார் ஒரு கடைக்காரர். பக்கத்துக் கடைக்காரர், "கொஞ்சம் இருங்க" என்று சொல்லி அரிசிப் பையைத் தூக்கி வைப்பார். இரண்டு பேருக்கும் ஒரே கும்பிடு, ஒரே சிரிப்பு. மறுநாள் முதல் கடைக்கு மறுபடியும் போய் நிற்பார்கள். "நாளைக்கு" என்றுதானே சொன்னார்!

பிச்சைதான். வேறு பெயர் வைத்து மறைக்க வேண்டியதில்லை.

சம்பளமும் இல்லை, வட்டியும் இல்லை

"ஏழைகளின் சிறிய சகோதரிகள்" என்பது இவர்களுடைய சபையின் பெயர். சென்னை சேத்துப்பட்டில், ஹாரிங்டன் ரோட்டில் இவர்களுடைய முதியோர் இல்லம் இருக்கிறது. இந்தியாவுக்கு இந்தச் சபை வந்தது 1882-ல். முதலில் இறங்கிய ஊர் கல்கத்தா. அன்னை தெரசா 1948-ல் பழைய மடத்தை விட்டு வெளியே வந்து, சேரியில் வேலை தொடங்கிய நாட்களில், அவருக்குத் தங்க இடம் கொடுத்தது இவர்களுடைய கல்கத்தா இல்லம்தான்.

60 வயது தாண்டிய ஏழைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். என்ன சாதி, என்ன மதம் என்று கேட்பதில்லை. சாகும் வரை வைத்துப் பார்க்கிறார்கள்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு ஒரு விஷயம் ஆச்சரியமாக இருக்கும். இந்தச் சபைக்கு நிலையான வருமானம் கிடையாது. கிடைக்காமல் போனதல்ல, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்! வருஷா வருஷம் பணம் வரும்படியான ஒரு சொத்து, 1865-ல் பிரான்சில் இவர்களைத் தேடி வந்தது. வாங்கலாமா, கூடாதா என்று பேச்சு எழுந்தது. மடத்தில் ஒரு மூலையில் இருந்த 70 வயது தாண்டிய ஒரு கிழவியைக் கூப்பிட்டு யோசனை கேட்டார்கள். வேண்டாம் என்றார் அவர். அன்று முதல் அன்றாடம் வருவதே சாப்பாடு.

அந்தக் கிழவிதான் சபையையே தொடங்கியவர்! பெயர் ழான் ஜுகான். மீனவர் மகள். வீட்டு வேலை செய்து பிழைத்தவர். 1839 குளிர்காலத்தில், கண் தெரியாமல், பாதி உடல் விளங்காமல் கிடந்த ஒரு மூதாட்டியைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் கட்டிலையே கொடுத்தார். அடுத்து இன்னொருவர், பிறகு இன்னொருவர். அவர்கள் எல்லாம் அதுவரை தெருவில் பிச்சை எடுத்தவர்கள். "நீங்க போக வேணாம், யார் யார் குடுப்பாங்கன்னு சொல்லுங்க, நான் போறேன்" என்கிற மாதிரி, அவர்களுக்குப் பதிலாக இவர் கூடையைத் தூக்கினார்.

ஒரு ஆள் கன்னத்தில் அறைந்துவிட்டானாம். அறை எனக்கு, என் ஏழைகளுக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டாராம் ழான் ஜுகான். சபையில் இன்றும் சொல்லும் கதை இது.

1843-ல் அவரைத் தலைமைப் பதவியிலிருந்து ஒதுக்கினார்கள். கடைசி 27 வருஷம் தாய் மடத்தில் சும்மா ஒரு கன்னியாஸ்திரீயாக இருந்தார். சபையைத் தொடங்கியவர் இவர்தான் என்பதே கூட இருந்த இளம் பெண்களுக்குத் தெரியாது. 1879-ல் இறந்தார். 2009-ல் போப்பாண்டவர் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்.

ஒருசந்தி யாருக்கு?

தவக்காலம் சாம்பல் புதனில் தொடங்குகிறது. ஈஸ்டருக்கு முந்திய நாள் வரை எண்ணினால் 46 நாள். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் 40.

சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி. அதாவது, ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. வெள்ளிக்கிழமைகளில் கறி சேர்க்காத சுத்தபோசனம். ஆனால் 59 வயது நிறைந்துவிட்டால் ஒருசந்திக் கடமை இல்லை என்பது திருச்சபைச் சட்டம்.

இல்லத்தில் சேரும் வயதோ 60! ஆக, அங்கே இருக்கும் தாத்தா பாட்டிகள் ஒருவருக்குக்கூடக் கட்டாயம் இல்லை. சமைக்கிறவர்களுக்கு நோன்பு, சாப்பிடுகிறவர்களுக்கு இல்லை.

சிக்கலே அங்கேதான். பாட்டிகள் விட வேண்டுமே!

"சின்ன வயசுலேர்ந்து இருந்து வர்றேன். இப்ப விட்டுடுவேனா?" என்று தட்டைத் தள்ளி வைப்பார் ஒரு பாட்டி.

"மாத்திரை போடணும் பாட்டி. வெறும் வயித்துல போடக் கூடாது."

"அப்போ நீ மட்டும் ஏன் சாப்பிடலை?"

இந்தக் கேள்விக்கு எந்த சிஸ்டராலும் பதில் சொல்ல முடியாது. கடைசியில் ஒரு இட்லியில் சமாதானம் ஆகும். பக்கத்துக் கட்டிலில் ஏகாதசி விரதம் இருந்து பழகிய பாட்டி இருந்தால் இன்னும் கஷ்டம். "நானும் இன்னிக்கு ஒரு பொழுதுதான்" என்று அவரும் சேர்ந்துகொள்வார்!

தினமும் பாதம் கழுவுவார்கள்

காலையில் ஜெபம், பூசை. அது முடிந்ததும் குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது, ஊட்டிவிடுவது, ஈரமான படுக்கையை மாற்றுவது. தவக்காலம் என்று இதில் ஒன்றும் குறையாது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு 14 நிலை. நடக்க முடியாதவர்களை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

பெரிய வியாழன் அன்று கோவில்களில் சாமியார் 12 பேருக்குப் பாதம் கழுவுவார். பார்க்கக் கூட்டம் கூடும். இங்கே வெடித்த பாதத்தைக் கழுவித் துடைத்து மருந்து போடுவது தினசரி வேலை. கூட்டம் ஒன்றும் கிடையாது.

யாராவது சாகும் தறுவாயில் இருந்தால் தனியாக விடுவதில்லை. முறை போட்டுக்கொண்டு இரவு பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வார்கள். ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு, காலையில் கடைத்தெருவுக்குப் பை தூக்க வேண்டியிருந்தாலும் சரி.

சூசையப்பரும் உருளைக்கிழங்கும்

மார்ச் 19 சூசையப்பர் திருநாள். இந்தச் சபைக்குச் சூசையப்பர்தான் பாதுகாவலர். வீட்டில் எது தீர்ந்தாலும் அதில் ஒரு மாதிரியைச் சுரூபத்தின் காலடியில் வைத்துவிடுவது இவர்கள் பழக்கம். உருளைக்கிழங்கு தீர்ந்தால் ஒரு உருளைக்கிழங்கு. அரிசி தீர்ந்தால் ஒரு கைப்பிடி அரிசி. நம்புகிறவர்கள் நம்பட்டும். மறுநாள் மார்க்கெட்டுக்குப் போவது என்னவோ சிஸ்டர்கள்தான்!

தவக்காலம் முழுக்கக் கறியைத் தொடாத பாட்டிகள் உண்டு. குருத்தோலை ஞாயிறு வந்தால் போதும், விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

"ஈஸ்டருக்குக் கறிக் குழம்பு உண்டா சிஸ்டர்?"

"வந்தா உண்டு பாட்டி."

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் கறிக்கடைக்காரர் மனசு வைக்க வேண்டும்.