மழைநீர் எந்தத் தெருவில் தேங்கும்?

சென்னை வேளச்சேரியில் மழை விட்ட பிறகும் தண்ணீர் வடியாமல் நிற்பது ஏன்? தரை தாழ்வு, நீர் போய்ச்சேர வேண்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமோ சுருங்கிவிட்டது. எங்கே நீர் தேங்கும் என்பதைக் கட்டடம் எழும்புமுன்பே கணினி சொல்லிவிடும். எப்படி? நிலத்தின் உயர வரைபடத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கட்டமும் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களைப் பார்த்து, அதிகம் சரியும் பக்கம் நீரைத் தள்ளும். எந்தக் கட்டத்தில் எத்தனை கட்டங்களின் நீர் சேர்கிறது என்று கூட்டினால், தூர்ந்துபோன ஓடைகூடத் திரையில் கோடாகத் தெரியும்.

ஆனால் ஒரு கட்டம் 30 மீட்டர் அகலம் என்றால், அதற்குள் ஒரு தெருவின் அகலமே அடங்கிவிடும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே போட்ட அரையடிச் சாலை அதில் தெரியாது. வீட்டு வாசலுக்குள் தண்ணீரைத் திருப்புவதே அந்த அரையடிதான்! விமானத்திலிருந்து லேசரால் அளந்த நுட்பமான உயரங்கள் இங்கே அவசியம்.