பெட்டியா, கடதாசியா?

கட்டாரிலோ துபாயிலோ தொழில் பார்க்கும் மகன் லீவில் வீடு வருகிறான். பெட்டி பிரிக்கப்படுகிறது. சவர்க்காரம், பால்மா, பேரீச்சம்பழம், தங்கைக்கு ஒரு கைத்தொலைபேசி என்று எல்லாம் வெளியே வந்த பிறகு, அடியில் பெருவிரல் அளவில் கறுப்பாக ஒரு சாமான் கிடக்கிறது. கூடவே மடித்த ஒரு கடதாசி. அதில் இலக்கமிட்டு இருபத்துநான்கு ஆங்கிலச் சொற்கள்.

"இது என்ன மகன்?" என்று உம்மா கேட்கிறார்.

"அது சும்மா, கொம்பியூட்டர் சாமான் உம்மா" என்று மகன் சொல்லிவிடுகிறான்.

அந்தச் சும்மா சாமானோடு அவனது ஐந்து வருட உழைப்பு சம்பந்தப்பட்டிருக்கலாம். நாளை அவனுக்கு ஏதும் நடந்துவிட்டால், சாமானைப் பத்திரப்படுத்திவிட்டுக் கடதாசியைக் குப்பையில் போடுகிறவர்களாகவே நம்மில் பெரும்பாலோர் இருப்போம். நடக்க வேண்டியது அதற்கு நேர்மாறானது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிரிப்டோ நாணயங்களை வாங்குங்கள் என்று தூண்டுவதற்காக இது எழுதப்படவில்லை. அதிலுள்ள ஆபத்துக்கள் குறித்து இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. கடன் அட்டை, டெபிட் அட்டை மூலம் அவற்றுக்குப் பணம் செலுத்த அனுமதி இல்லை என்றும் 2021இல் அறிவித்தது. மார்க்க அறிஞர்களிடையேயும் ஒருமித்த கருத்து இல்லை. எகிப்தின் முப்தி 2018இல் கூடாது என்றார். மலேசியாவின் பிணைகள் ஆணைக்குழுவுடைய ஷரீஆ ஆலோசனை சபை 2020இல் சில நிபந்தனைகளோடு அனுமதித்தது. அவரவர் தம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய மனைவிமாருக்கும் பெற்றோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

இந்தக் கருவிக்கு ஹார்ட்வெயார் வொலட் என்று பெயர். ஹார்ட்வெயார் என்றதும் ஆணியும் பெயின்ட்டும் விற்கும் கடைதான் நமக்கு ஞாபகம் வரும். வொலட் என்றால் பணப்பை. ஆனால் இந்தப் பணப்பைக்குள் பணம் இல்லை. பிட்கொயின் போன்றவை எந்தப் பொருளுக்குள்ளும் கிடப்பவை அல்ல. உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் ஒரே மாதிரியாகப் பிரதி செய்து வைக்கப்பட்டுள்ள ஒரு கணக்குப் பேரேட்டில், இன்ன முகவரியில் இவ்வளவு என்று எழுதப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான். அங்கிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதற்கு ஒரு கையொப்பம் வேண்டும். அதனை இடுவதற்குரிய மிக நீண்ட இரகசிய எண்தான் இதன் திறப்பு.

திறப்பைக் கணினியிலோ போனிலோ வைத்தால் வைரஸ் மூலம் களவு போகலாம். ஆகவே அதனைத் தனியான ஒரு சிறு கருவிக்குள் பூட்டி, கையொப்பமிடும் வேலையையும் அதற்குள்ளேயே முடித்து, கையொப்பத்தை மாத்திரம் வெளியே அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார்கள். செக் குடியரசின் ப்ராக் நகரிலுள்ள சடோஷிலாப்ஸ் கம்பனி 2014இல் வெளியிட்ட ட்ரெஸர் இத்துறையின் முன்னோடி. பிரான்ஸ் நாட்டின் லெட்ஜர் கம்பனியின் கருவிகளும் பரவலாகப் பாவனையில் உள்ளன.

யாராவது ஒரு நிறுவனத்திடம் கொடுத்து வைத்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் கொக்ஸ் என்ற பரிமாற்று நிறுவனம் 2014 பெப்ரவரியில் வங்குரோத்தானபோது, ஏறத்தாழ எட்டரை இலட்சம் பிட்கொயின்களைக் காணவில்லை என்றார்கள். 2022 நவம்பரில் எப்.டி.எக்ஸ். என்ற பெரும் நிறுவனம் சரிந்தது. இவற்றைக் கண்டவர்கள் திறப்பைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ள விரும்பியதில் வியப்பில்லை.

சரி, இந்தக் கருவி உடைந்தால்? கிணற்றில் விழுந்தால்? அதற்குத்தான் அந்தக் கடதாசி. 2048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. முதன்முறை இயக்கும்போது கருவி தானாகவே அதிலிருந்து பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு சொற்களை எடுத்துத் தன் சிறு திரையில் காட்டும். அச்சொற்களை அதே ஒழுங்கில் புதிய கருவியொன்றில் கொடுத்தால் பழைய திறப்பு அப்படியே திரும்ப வந்துவிடும். அதாவது கருவி போனாலும் சொற்கள் இருந்தால் சொத்து இருக்கிறது. சொற்கள் பிறர் கைக்குப் போனால், கருவி நம் அலுமாரியில் பத்திரமாக இருக்கும்போதே சொத்துப் போய்விடும்.

காணி உறுதி தொலைந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். வங்கிப் புத்தகம் தொலைந்தால் அடையாள அட்டையோடு போய் நிற்கலாம். இங்கே போய் நிற்பதற்கு ஒரு கந்தோர் இல்லை.

தலையணைக்கு அடியில் வைத்த கடதாசி

அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த பத்திரிகையாளர் மார்க் ப்ரௌன்பெல்டர் தமக்கு நேர்ந்ததை வயர்ட் சஞ்சிகையில் 2017 ஒக்டோபரில் எழுதினார். விஷயம் தெரிந்த மனிதர் அவர். இத்தொழில்நுட்பத்தை ஆராயும் வேலையும் பார்த்தவர். 2016 ஜனவரியில் 3,000 டொலர் கொடுத்து 7.4 பிட்கொயின்கள் வாங்கினார். பின்னர் ஒரு ட்ரெஸர் கருவி வாங்கி, இருபத்துநான்கு சொற்களையும் பின் இலக்கத்தையும் செம்மஞ்சள் நிறக் கடதாசியொன்றில் எழுதி மேசை லாச்சியில் வைத்தார்.

2017 மார்ச் மாதம் அவரும் மனைவியும் டோக்கியோவுக்குப் பயணப்பட்ட காலையில் அந்தக் கடதாசி கண்ணில் பட்டது. விமானம் விழுந்தால் பிள்ளைகளுக்கு இதுபற்றி என்ன தெரியும் என்ற எண்ணம் வந்தது. நல்ல தகப்பனுக்கு வரக்கூடிய எண்ணம்தான். ஏதும் நடந்தால் இன்ன நண்பரிடம் இதைக் காட்டு என்று அதிலேயே எழுதி, வெளியூர் போயிருந்த இளைய மகளின் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

விமானம் விழவில்லை. ஆனால் அவர்கள் இல்லாத வேளையில் வீடு துப்புரவு செய்ய வந்தவர்கள் அந்தக் கடதாசியை எறிந்துவிட்டார்கள்.

பரவாயில்லை, பின் இலக்கம் ஞாபகத்தில் இருக்கிறதே என்று நினைத்தார். அழுத்திப் பார்த்தால் பிழை என்றது. மாற்றி அழுத்தினார், அதுவும் பிழை. ஒவ்வொரு பிழைக்கும் காத்திருக்க வேண்டிய நேரத்தை அந்தக் கருவி இரட்டிப்பாக்கும். ஒரு செக்கனில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போனால் இருபதாவது தடவைக்கு ஆறு நாட்கள்! திருடனை நிறுத்துவதற்காகச் செய்த பூட்டு உரிமையாளரை வாசலில் நிறுத்தியது. மறந்ததை ஞாபகத்துக்குக் கொண்டுவர மனோவசியம் செய்பவர் ஒருவரிடம் கூடப் போனார். பயனில்லை. இதற்கிடையில் பிட்கொயினின் விலை ஏறியது. ஓகஸ்ட் மாதமளவில் அவர் தொட முடியாத அந்தச் சொத்தின் பெறுமதி ஏறத்தாழ 30,000 டொலர்.

கடைசியில் இங்கிலாந்தைச் சேர்ந்த பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன், அந்தக் கருவியின் பழைய மென்பொருளில் இருந்த ஓட்டையொன்றின் வழியாகச் சொற்களையும் இலக்கத்தையும் வெளியே எடுக்கும் முறையைக் கட்டணம் பெற்றுக்கொண்டு கற்றுக்கொடுத்தான். ப்ரௌன்பெல்டர் தப்பினார். அந்த ஓட்டை அதே ஆண்டிலேயே அடைக்கப்பட்டுவிட்டது. அவருக்குத் திறந்த கதவு இன்று வருபவருக்குத் திறக்காது.

இவர் செய்த பிழை என்ன? சொற்களை எழுதி வைத்தார். பிள்ளைகளையும் நினைத்தார். ஆனால் பிரதி ஒன்றே ஒன்று. அதிலேயே பின் இலக்கமும் இருந்தது. அது இன்னதென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாதவர் கண்ணுக்கு அது கழிவுக் கடதாசி.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கருவியைத் தயாரித்த கம்பனியிடமோ அது அங்கீகரித்த விற்பனையாளரிடமோ மாத்திரம் வாங்க வேண்டும். பாவித்ததை மலிவாகத் தருகிறேன் என்று கூட்டாளி சொன்னாலும் வேண்டாம். பெட்டியைத் திறந்ததும், சொற்கள் ஏற்கெனவே அச்சிடப்பட்ட அட்டையொன்று அழகாக உள்ளே இருந்தால் அது களவுக்கு வைத்த பொறி. அச்சொற்கள் விற்றவனிடமும் இருக்கின்றன. நீங்கள் பணத்தைப் போடும்வரை அவன் காத்திருப்பான். இப்படி ஏமாந்து சேமிப்பை இழந்தவரின் கதை 2018இல் செய்தியாக வந்தது. சொற்கள் உங்கள் கண் முன்னால் கருவியின் திரையில்தான் பிறக்க வேண்டும்.

அவற்றைப் பேனையால் தெளிவாக எழுதுங்கள். பட்டியலிலுள்ள எந்த இரு சொற்களுக்கும் முதல் நான்கு எழுத்துக்கள் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே அந்த நான்கும் மயக்கமின்றி இருந்தால் மீட்டுவிடலாம். போனில் படம் எடுக்கக் கூடாது. கணினியில் தட்டச்சு செய்யக் கூடாது. வட்ஸ்அப்பில் மனைவிக்கு அனுப்பி வைப்பதும் கூடாது. நம்மவர் பலர் செய்யக்கூடியது இதுதான். இரண்டாவது பிரதி ஒன்றை வேறொரு வீட்டில் வைப்பது நல்லது. தீக்கும் வெள்ளத்துக்கும் அஞ்சுபவர்கள் உலோகத் தகட்டில் பொறித்துக்கொள்கிறார்கள்.

பலர் தவறவிடும் வேலை ஒன்றுண்டு. முதலில் மிகச் சிறிய தொகையை அனுப்புங்கள். பிறகு கருவியிலுள்ள அனைத்தையும் வேண்டுமென்றே அழித்துவிட்டு, கடதாசியைப் பார்த்து மீட்டெடுங்கள். தொகை திரும்பத் தெரிந்தால் எழுதியது சரி. அதன் பிறகே பெருந்தொகை. இந்த ஒரு மணித்தியாலச் சிரமத்தைப் பட்டவர், பிழையாக எழுதிய ஒரு சொல்லுக்காகப் பின்னர் அழ வேண்டியதில்லை.

பணம் அனுப்பும்போது கணினித் திரையை நம்பாதீர்கள். நீங்கள் பிரதி செய்த முகவரியை இடையில் மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. கருவியின் சிறு திரையில் தெரியும் முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பின்னரே பொத்தானை அழுத்த வேண்டும். அந்தச் சிறு திரை இருப்பதே அதற்குத்தான்.

கேட்டு வருபவர்கள்

2020இல் லெட்ஜர் கம்பனியின் வாடிக்கையாளர் விபரங்கள் களவு போயின. அவ்வருட டிசம்பரில் ஏறத்தாழ 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம் ஆகியன இணையத்தில் பகிரங்கமாயின. கருவிகளுக்கு எதுவும் நேரவில்லை. ஆனால் யாரிடம் கருவி இருக்கிறது என்பது கள்வர்களுக்குத் தெரிந்துவிட்டது. 2021இல் சிலருக்குத் தபாலில் பார்சல் வந்தது. உள்ளே புத்தம் புதிய கருவி, கம்பனி அனுப்பியது போன்ற கடிதம். பாதுகாப்புக்காகப் பழையதை விட்டு இதற்கு மாறுங்கள், உங்கள் சொற்களை இதில் கொடுங்கள் என்று விளக்கம். எல்லாம் போலி.

எந்தக் கம்பனியும் எக்காரணத்துக்காகவும் அச்சொற்களைக் கேட்பதில்லை. கேட்பவர் தொலைபேசியில் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் கள்வரே. வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு வேறொன்றும் விளங்காவிட்டாலும் இதை விளங்கப்படுத்தி வைக்க வேண்டும்.

அவர் இல்லாத நாளில்

ஒருவர் மௌத்தானால் கடன் அடைத்து, வஸிய்யத்தை நிறைவேற்றி, எஞ்சியதை உரியவர்களுக்குப் பங்கிட வேண்டும். அதற்கு அவர் விட்டுச் சென்றது என்னவென்று முதலில் தெரிய வேண்டுமே! இந்தச் சொத்தைப் பொறுத்தவரை, மரண அத்தாட்சிப் பத்திரத்தைக் காட்டிப் பெற்றுக்கொள்ளும் வழி கிடையாது. சொற்கள் இல்லையென்றால் பேரேட்டில் தொகை அப்படியே தெரியும். எவராலும் தொட முடியாது.

அதற்காகச் சொற்களை வஸிய்யத்துப் பத்திரத்திலேயே எழுதிவிடுவதும் சரியல்ல. அதைப் பலர் வாசிப்பார்கள். சொற்களைப் பாதி இங்கே, பாதி அங்கே என்று பிரிப்பதையும் நான் விரும்பவில்லை. ஒரு பாதி தொலைந்தால் முழுவதும் தொலைந்தது. மூன்று பங்குகளில் எந்த இரண்டு சேர்ந்தாலும் திறக்கக்கூடிய முறையொன்றை ட்ரெஸர் 2019இல் கொண்டுவந்தது. மனைவியிடம் ஒன்று, சகோதரனிடம் ஒன்று, அலுமாரியில் ஒன்று என்று வைப்பதற்கு வசதியானது. ஒருவர் தனியாக எடுக்க முடியாது. ஒன்று தொலைந்தாலும் மோசமில்லை.

எந்த முறையானாலும், சொற்கள் எழுதப்படாத தனிக் கடிதமொன்று அவசியம். இப்படியொரு சொத்து இருக்கிறது, கருவி இந்த இடத்தில், கடதாசி இந்த இடத்தில், அதை எவருக்கும் படம் எடுத்து அனுப்ப வேண்டாம் என்று தாய்மொழியில் நாலு வரி. எழுதிய பின், அடுத்த லீவில் மகன் வரும்போது உம்மாவோ மனைவியோ ஒரு வேலை செய்யலாம். சிறு தொகை மட்டும் உள்ள ஒரு கருவியை அழித்துக் கொடுக்கச் சொல்லி, கடிதத்தை மாத்திரம் பார்த்துத் தாமே மீட்டெடுக்க முயலட்டும். மகன் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கட்டும். அவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்களோ, அந்த இடத்தைக் கடிதத்தில் அவன் திருத்தி எழுதிவிட்டுப் பயணம் புறப்படலாம்.