மலைப்பாதைக்கு ஒரு பழைய ஜிப்சி

மாருதி நிறுவனம் 1985ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்த ஜிப்சி, ஜப்பானின் சுசுகி நிறுவனம் தயாரித்துவந்த எஸ்ஜே410 என்னும் சிறு ஜீப்பின் நீட்டப்பட்ட வடிவமாகும். தொடக்கத்தில் 970 சிசி எஞ்சினும் நான்கு கியர்களும் மட்டுமே கொண்டிருந்த அவ்வண்டி, 1996இல் 1,298 சிசி எஞ்சினும் ஐந்து கியர்களும் பெற்று ‘ஜிப்சி கிங்’ ஆனது. 2000ஆம் ஆண்டில் கார்புரேட்டர் நீக்கப்பட்டு, பெட்ரோலை மின்னணுக் கட்டுப்பாட்டில் அளந்து பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ முறை வந்தபோது அதன் திறன் 60 குதிரைத்திறனிலிருந்து 80ஆக உயர்ந்தது. பொதுமக்களுக்கான விற்பனை 2019இல் முடிவுக்கு வந்தது. அதுவரையிலும் பவர் ஸ்டீயரிங் அதற்கு வாய்க்கவில்லை. சவாரிச் சுகம் என்று சொல்லத்தக்கது எதுவும் அதில் இல்லை என்பதை அதன் அபிமானிகளே மறுப்பதில்லை. ஆயினும் லடாக், ஸ்பிட்டி போன்ற உயர்மலைப் பகுதிகளுக்கு நெடும்பயணம் செல்ல விரும்புவோர் இன்றும் பழைய ஜிப்சியைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள் என்றால், அதற்கு முதற்காரணம் அதன் எடை. ஏறத்தாழ ஒரு டன் எடையே உள்ள அந்த வண்டி, தன்னைப்போல் இருமடங்கு கனமான வண்டிகள் புதைந்து நிற்கும் மணலிலும் சேற்றிலும் மிதந்தாற்போல் கடந்துவிடுகிறது. பயணத்துக்கு ஆயத்தப்படுத்துகிறோம் என்ற பெயரில் உரிமையாளர்கள் பலர் முதலில் பறிகொடுப்பதும் இந்த எடைக்குறைவைத்தான்.

நான்கு சக்கர இயக்கம் என்றாலே எப்போதும் நான்கு சக்கரங்களும் வண்டியை இழுக்கின்றன என்று பொருளில்லை. வழக்கமான ஓட்டத்தில் ஜிப்சியின் பின்சக்கரங்கள் மட்டுமே எஞ்சினின் விசையைப் பெறுகின்றன. கியர்பெட்டிக்குப் பின்னால் தனியே பொருத்தப்பட்டுள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் பற்சக்கரப் பெட்டியே விசையை முன் அச்சுக்கும் பகிர்ந்தளிக்கிறது. அதற்குரிய சிறிய லீவரை மேலும் ஒரு படி நகர்த்தினால் ‘லோ’ என்னும் தாழ்விகிதம் கிடைத்து, எஞ்சினின் அதே சுழற்சியில் வண்டி இன்னும் மெதுவாகவும் கூடுதல் இழுவையோடும் ஊர்கிறது. பல வண்டிகளில் இதற்கு முன்பாக ஓட்டுநர் கீழே இறங்கி, முன்சக்கரங்களின் நடுவிலுள்ள ஹப் திருகியைக் கையால் பூட்ட வேண்டியிருக்கும். வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் கடக்கும் தூரம் பின்சக்கரங்கள் கடப்பதைவிட அதிகம் என்பதால், இரு அச்சுகளும் ஒரே வேகத்தில் சுழலுமாறு பிணைக்கப்பட்ட நிலையில் அந்த வேறுபாட்டை ஏதாவதொரு டயர் வழுக்கித்தான் ஈடுசெய்ய வேண்டும். சரளையிலும் பனியிலும் டயர் எளிதில் வழுக்கிவிடுகிறது. தார்ச்சாலையில் அதற்கு வழியில்லாததால் முறுக்கம் முழுவதும் ஷாஃப்ட்டுகளிலும் பற்சக்கரங்களிலும் ஏறிக்கொள்கிறது. மழை பெய்த நெடுஞ்சாலையில் பாதுகாப்பு என்று நினைத்து நான்கு சக்கர இயக்கத்திலேயே நூறு கிலோமீட்டர் ஓட்டி டிரான்ஸ்ஃபர் கேஸைப் பாழாக்குவோர், இந்த எளிய வடிவியலைக் கேட்டறியாதவர்களே.

பழைய வண்டியை வாங்குகையில் எஞ்சினைப் பற்றிய கவலை இரண்டாவதாகவே வர வேண்டும். எஸ்டீம், வெர்சா ஆகிய கார்களிலும் இதே குடும்பத்து எஞ்சின் இருந்தமையால், சென்னைப் புதுப்பேட்டையிலோ டில்லி காஷ்மீரி கேட்டிலோ அதற்கான உதிரிபாகங்களைத் தேடியெடுப்பது இன்றும் பெரும்பாடு அல்ல. துருவேறிய சேஸிஸோ அப்படிப்பட்டதன்று. வண்டியின் முழு உடலையும் தாங்கும் அந்த இரும்புச் சட்டகத்தை, குறிப்பாக ஸ்பிரிங் பட்டைகள் தொங்கும் இடங்களைச் சுற்றி, சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்றும் அரித்துப்போனது மொத்தையாகவும் ஒலிக்கும். புதிதாகக் கறுப்பு வண்ணம் பூசி விற்பனைக்கு நிறுத்தப்பட்ட வண்டியை இவ்வாறு தட்டிப் பார்ப்பது இருமடங்கு அவசியம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது முன் அச்சின் இரு முனைகளிலும் உள்ள நக்கிள்கள். சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்கு இடங்கொடுக்கும் இம்மூட்டுகளின் மேலும் கீழும் கிங்பின் பேரிங்குகள் இருக்கின்றன. முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, டயரின் உச்சியை ஒரு கையாலும் அடியை மறு கையாலும் பற்றி முன்னும் பின்னுமாக ஆட்டும்போது ‘டொக்’கென்ற ஆட்டம் தெரிந்தால், வீல் பேரிங்கோ கிங்பின் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. உடனிருப்பவர் பிரேக்கை மிதித்துக்கொண்டபின் அதே ஆட்டம் மறைந்துவிட்டால் பழுது வீல் பேரிங்கிலும், மறையாவிட்டால் கிங்பின்னிலும் உள்ளதென்று கொள்ளலாம். குறிப்பிட்ட வேகத்தில் சிறு பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டீயரிங் கட்டுக்கடங்காமல் நடுங்கும் நோய்க்குப் பெரும்பாலும் வேர் இங்கேதான் இருக்கிறது. ஸ்டீயரிங் டேம்பர் ஒன்றை மாட்டி அந்த நடுக்கத்தை அடக்கிவிட்டதாக விற்பவர் சொன்னால், காய்ச்சலைத் தீர்ப்பதற்குப் பதிலாகத் தெர்மாமீட்டரை மாற்றியிருக்கிறார் என்றே கருத வேண்டும்.

வாங்கியபின் கையிலிருக்கும் பணத்தின் பெரும்பகுதி, கண்ணுக்குத் தெரியாத பாகங்களுக்கே செல்ல வேண்டும் என்பது அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் கருத்து. பிரேக் ஹோஸ்கள், ரேடியேட்டர் ஹோஸ்கள், எஞ்சின் பெல்ட், கிளட்ச் கேபிள், ஸ்பிரிங் புஷ்கள், சக்கர ஆயில் சீல்கள் ஆகியவற்றைப் பழுதடையும்வரை காத்திராமல் மாற்றி, கழற்றியவற்றுள் ஓரளவு நன்றாக இருப்பவற்றை உபரியாக எடுத்துச்செல்வது செலவு குறைந்த வழி. டயரைப் பொறுத்தமட்டில் பூவின் ஆழத்தை மட்டும் பார்ப்பது போதாது. அதன் பக்கச்சுவரில் பதிந்துள்ள நான்கு இலக்கங்களுள் முதல் இரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கின்றன. 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. அதிகம் ஓடாமல் நின்ற வண்டியின் டயர் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும், அதன் ரப்பர் இறுகி வெடிப்புக் கண்டிருக்கக்கூடும்.

உயரமான இடங்களில் நிகழும் மாற்றங்களைச் சமவெளியிலேயே ஓட்டிப் பழகியவர் முன்கூட்டியே அறிந்திருப்பது நலம். மணாலி–லே சாலையில் உள்ள தக்லங் லா கணவாய் 5,328 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதி. காற்று பாதியானால் எரியும் பெட்ரோலும் பாதியாக வேண்டும் என்பதால், 80 குதிரைத்திறன் என்று ஏட்டில் எழுதப்பட்ட எஞ்சின் அங்கே சுமார் 40 குதிரைத்திறனையே தருகிறது. எம்பிஎஃப்ஐ எஞ்சின் காற்றின் அளவை உணர்ந்து பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்கிறது. கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது என்பதால் பெட்ரோல் மிகுந்து, கரும்புகையும் திணறலும் உண்டாகின்றன. எடை கூடக் கூட இந்தப் பாதித் திறன்தான் அதையும் இழுத்தாக வேண்டும்.

குளிர்விப்பு முறையிலும் இதே காற்றழுத்தம் விளையாடுகிறது. அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 82 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. ரேடியேட்டர் தண்ணீர் அவ்வாறு கொதிக்காமல் காப்பது அதன் மூடியிலுள்ள ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் உள்ளே தேக்கிவைக்கும் அழுத்தமே. சமவெளியில் யாருக்கும் தெரியாமல் கசிந்துகொண்டிருந்த மூடி, கணவாயில் வண்டியைக் கொதிக்கவைத்து நிறுத்திவிடுகிறது. மிகச் சொற்ப விலையுள்ள அந்த மூடியை மாற்றாமல் பெரிய ரேடியேட்டர் வாங்கியவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் பலர் செய்வதுபோல் வெறும் குழாய்த்தண்ணீரை ஊற்றிக்கொண்டு போனால், பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் இரவில் அது உறைந்து விரிந்து எஞ்சின் பிளாக்கையே பிளந்துவிடும் ஆபத்து இருக்கிறது. கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் சமபங்காகக் கலந்த கலவை அதற்கு இடங்கொடாது.

எரிபொருள் கணக்கு இன்னும் நேரடியானது. மணாலியிலிருந்து லே செல்லும் வழியில், தாண்டி என்னும் ஊரிலுள்ள பெட்ரோல் பங்கில் ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில்’ என்று அறிவிக்கும் பலகை பல ஆண்டுகளாகப் பயணிகளிடையே பெயர்பெற்றது. ஜிப்சியின் டாங்க் 40 லிட்டர் கொள்ளும். மலையேற்றத்தில் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கிடைக்கிறதென்று வைத்துக்கொண்டால் 360 கிலோமீட்டரிலேயே டாங்க் வறண்டுவிடும். லேவுக்குச் சற்று முன்னதாகக் கரு என்னும் ஊரில் பெட்ரோல் கிடைக்கும் என்றாலும், வழி அடைபட்டுத் திரும்பிவர நேர்ந்தால் அந்த ஆறுதல் உதவாது. ஆகவே 20 லிட்டர் இரும்பு ஜெரிகேன் ஒன்று தேவைதான். சொந்த உபயோகத்துக்காக 30 லிட்டர்வரை பெட்ரோலை, ஒவ்வொன்றும் 25 லிட்டருக்கு மேற்படாத, இறுக மூடிய உலோகக் கலங்களில் உரிமமின்றி எடுத்துச்செல்லப் பெட்ரோலியச் சட்டம் அனுமதிக்கிறது. கேனை விளிம்புவரை நிரப்பாமல், வண்டிக்கு வெளியே பின்புறத்தில் கட்டுவது நல்லது. உயரத்தில் கேன் உப்பியிருக்கும் என்பதால், மூடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி ஆவியை வெளியேற்றிய பிறகே முழுவதும் திறக்க வேண்டும்.

கூடுதல் விளக்குகள் பொருத்துவோர், பழைய ஒயரிங்கிலிருந்தே மின்சாரத்தைக் கிளை பிரிக்காமல், பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்து, பேட்டரி அருகிலேயே ஃபியூஸும் இடையில் ரிலேயும் வைப்பது இன்றியமையாதது. இருபது ஆண்டு வயதான ஒயர்மீது புதுச் சுமை ஏற்றுவது தீவிபத்துக்கு வழிசெய்வதாகும்.

இனி, கடைகளில் பளபளக்கும் பொருட்கள். இரும்பு பம்பர், வின்ச், கூரைக் கூடாரம் ஆகிய மூன்றும் சேர்ந்து நூறு கிலோவை எளிதில் தாண்டிவிடும். கூரையில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் குறுகிய உடல்வாகு கொண்ட இவ்வண்டியைக் கவிழும் பக்கமாகத் தள்ளுகிறது. இவற்றுக்குப் பதிலாக ஒரு மண்வெட்டி, நல்ல இழுவைப் பட்டை, டயருக்குக் காற்றடிக்கும் சிறு பம்ப் ஆகியவற்றைக் கொண்டு பெரும்பாலான சிக்கல்களிலிருந்து மீளலாம்; லடாக்கிலுள்ள ஹுண்டர் மணற்பரப்பில் புதையும் சக்கரத்துக்கு வின்ச்சைவிட, காற்றழுத்தத்தை 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குவதே விரைவான மருந்து. சட்டமும் இந்தச் சிக்கனத்துக்கே துணைநிற்கிறது. தயாரிப்பாளர் அளித்த மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாதென மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுவதை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிசெய்தது. முகப்பில் பொருத்தும் புல்பார்களுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. படைப்பிரிவுகள் கழித்துவிட்ட ஜிப்சியை ஏலத்தில் எடுப்போர் அதன் ஆலிவ் பச்சை நிறத்தின்மீது கொள்ளும் ஆசைக்கும் இடமில்லை: பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெவையும் அந்நிறம் பூசக்கூடாதென்பது விதி.

பதிவான 15 ஆண்டுகளுக்குப் பின் தகுதிச் சோதனையில் தேறினால் பதிவை ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டித்துக்கொள்ளலாம். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வடக்கே செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தேசியத் தலைநகர் வட்டாரத்துக்குள் நுழைந்தே செல்கிறது; 15 ஆண்டைக் கடந்த பெட்ரோல் வண்டிகள் அங்கே ஓடுவதைப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் தடுத்து, உச்ச நீதிமன்றமும் 2018இல் அதை ஏற்றது. பின்னர் வந்த ஆணைகளால் நடைமுறை மாறி மாறி வந்திருப்பதால், புறப்படும் நாளில் உள்ள நிலவரத்தை விசாரித்துக்கொண்டு, தேவையானால் அவ்வட்டாரத்தைத் தொடாமல் சுற்றிச்செல்லும் வழியை வகுத்துக்கொள்வது உத்தமம்.

மலையில் சாலையின் குறுக்கே பாயும் நாலாக்கள் என்னும் ஓடைகள், பனி உருகும் பிற்பகலில் பெருகி, விடியற்காலையில் வடிந்திருக்கும். வெகுதூரம் ஓடிச் சூடேறிய அச்சு, பனிநீரில் இறங்கியதும் சட்டெனக் குளிர்ந்து, உள்ளேயிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. அச்சின் மேலுள்ள பிரீதர் என்னும் சுவாசத்துளைக்கு ஒரு ரப்பர் குழாயை மாட்டி எஞ்சின் அறைவரை உயர்த்திக் கட்டினால் உறிஞ்சப்படுவது காற்றாகவே இருக்கும். ஆழமான நாலாவைக் கடந்த அன்று மாலையே டிஃபரன்ஷியலின் அடித்திருகைச் சற்றுத் தளர்த்திப் பார்த்து, கசியும் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால், அதை முழுவதுமாக வடித்துப் புது ஆயில் ஊற்றிய பிறகே மறுநாள் வண்டியை எடுக்க வேண்டும்.