மாதிரி விமானத்தில் புகை அமைப்பு

மூணாற்றை அடுத்த சித்திரபுரத்தில் தேயிலைச் சரிவுகளின்மீது படரும் மூடுபனி, காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து நுண்துளிகளாகத் திரள்வதால் உண்டாவதாகும். சாகச விமானங்கள் வானில் வரையும் வெண்புகையும் இவ்வினத்தைச் சார்ந்ததே. புகை என்று பெயர் பெற்றிருப்பினும், அது எரிந்த பொருளின் கரியன்று. எஞ்சின் வெப்பத்தால் ஆவியான எண்ணெய், வெளிக்காற்றிற் குளிர்ந்து மிக நுண்ணிய துளிகளாகத் திரள்கிறது. அத்துளிகள் ஒளியைச் சிதறச் செய்வதால் வெண்மை தோன்றுகிறது.

1922-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் எப்ஸம் குதிரைப் பந்தயத்தின்போது, விமானி ஒருவர் இவ்வகைப் புகையால் ஒரு நாளிதழின் பெயரை வானில் எழுதிக் காட்டினார். பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கேயுள்ள சூலூரைத் தளமாகக் கொண்ட விமானப் படையின் ‘சாரங்’ ஹெலிகாப்டர் குழு, 2003-இல் அமைக்கப்பட்டது. அதன் காட்சிகளிலும் புகைக்கோடுகள் இடம்பெறுகின்றன. மாணவர்கள் அமைக்கும் மாதிரி விமானத்திலும் இதே தத்துவத்தைக் கையாளலாம்.

இதற்கு வேண்டிய உறுப்புகள் சிலவே. புகை எண்ணெய்க்கென்று தனித் தொட்டி ஒன்று வேண்டும். எண்ணெய் குறையுந்தோறும் விமானத்தின் சமநிலை மாறாதிருக்க, அதனை எடை மையத்திற்கு அருகில் பொருத்துதல் வேண்டும். தொட்டியிலிருந்து சிறு பம்பு ஒன்று எண்ணெயைச் சைலன்ஸருக்குச் செலுத்தும். வழியில் ஒருவழி வால்வு இருப்பின், வெளியேறும் வாயு பின்னோக்கிப் புகாது. சைலன்ஸரைச் சுற்றிச் சில சுற்றுகள் செப்புக் குழாயை வளைத்து, அதன் வழியே எண்ணெயைச் செலுத்தினால் அது முன்னரே சூடேறும். மெதனால் எஞ்சினைவிடப் பெட்ரோல் எஞ்சினின் கழிவு வாயு வெப்பம் மிகுந்ததாதலின், இப்பணிக்கு அதுவே ஏற்றது.

வெப்பத்திற்கேற்ற அளவே எண்ணெய் செல்ல வேண்டும். செய்முறையின் உயிர்நிலை இதுவே. மிகுதியாகச் சென்றால் எண்ணெய் ஆவியாகாது. சைலன்ஸர் குளிர்ந்து புகை மெலியும். இறக்கையிலும் வாலிலும் எண்ணெய் படியும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது பம்பைத் திறந்தால், எண்ணெய் சைலன்ஸரில் தேங்கித் தீப்பற்றவும் இடமுண்டு. ஆதலின் எஞ்சின் பாதி வேகத்தைக் கடந்து நன்கு சூடேறிய பின்னரே பம்பைத் திறக்க வேண்டும்; வேகத்தைக் குறைப்பதற்கு முன்னரே மூடிவிட வேண்டும்.

மலைப்பகுதி ஆசிரியர்கள் மற்றொன்றையும் கருதுதல் நன்று. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரத்தில் எஞ்சினின் திறன் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும். சமவெளியில் பொருத்தமாயிருந்த எண்ணெய் அளவு அங்கு மிகையாகலாம். ஆகவே அளவைக் குறைத்துச் சோதிக்க வேண்டும். மூடுபனி வேளையில் புகை மட்டுமன்றி விமானமும் கண்ணுக்குப் புலப்படாதாகையால், பறக்கவிடலாகாது.

புகை எண்ணெய்க்கு மாற்றாகப் பெட்ரோலையோ பிற எளிதில் தீப்பற்றும் திரவத்தையோ ஒருபோதும் பயன்படுத்தலாகாது. எண்ணெய்த் துளிகள் நுரையீரலுக்கு ஊறு செய்வன. கழிவு வாயுவோ நச்சுடையது. ஆகவே சோதனையைத் திறந்தவெளியில் நடத்தி, மாணவர்களைக் காற்று வரும் திசையில் நிறுத்துதல் வேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தொலைவில் இருத்தல் இன்றியமையாதது. இவ்வொழுங்குடன் நடத்தின், ஆவியாதல், குளிர்ந்து திரளுதல், ஒளிச்சிதறல் ஆகிய மூன்று பாடங்களையும் மாணவர் ஒரே வெண்கோட்டிற் கண்டறிவர்.